பிரேக் குழாயில் நான் கட்டிய மஞ்சள் முடிச்சு

போன வருஷம் தைப்பூசம் முடிந்து மூணாவது ஞாயிறு. காலை பத்தரை மணி இருக்கும். ஒரு கல்யாணப் பெண்ணின் ரவிக்கைக்குக் கொக்கி வைத்துக்கொண்டிருந்தேன். போன் வந்தது. என் வீட்டுக்காரர் சிம்பாங் பூலாய் மலைரோட்டில் பைக்கோடு விழுந்துவிட்டார், ஈப்போ ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகிறார்கள் என்று யாரோ மலாயில் சொன்னார்கள். கையில் இருந்த ஊசியை எங்கே வைத்தேன் என்று இன்றுவரை தெரியாது.

என் பெயர் கமலா. ஈப்போவில் புந்தோங் பக்கம், வீட்டிலேயே தையல் வேலை. பிறந்தது சுங்காய் பக்கம், நம்ம தோட்டத்தில்தான். ரப்பர் போய் எண்ணெய்க்குச் செம்பனை வந்து, நாம் இருந்த லயத்து வீடுகளை இடித்து, நாமெல்லாம் டவுனுக்கு வந்துவிட்டோம். மாரியம்மன் மட்டும் செம்பனைக்கு நடுவில் அங்கேயே இருக்கிறாள். ஆடியில் அவளைப் பார்க்க ஒன்றுகூடுகிற உங்களிடம் சொல்லாமல் இதை நான் வேறு யாரிடம் சொல்வேன்?

வீட்டுக்காரர் குணாவுக்கு நாற்பத்தெட்டு வயது. ஏர்கான் பழுது பார்க்கிறார். குடி கிடையாது, சூது கிடையாது. என் மீன்குழம்பைக்கூடக் குறை சொன்னதில்லை. ஆனால் ஞாயிறு விடிந்தால் அந்த அறுநூறு சிசி பைக்கை எடுத்துக்கொண்டு மலைக்குப் போய், வளைவுக்கு வளைவு சாய்ந்து சாய்ந்து ஓட்டியாக வேண்டும். இந்த வயசுக்கு இது தேவையா என்று கேட்டால் சிரிப்பார். அந்தச் சிரிப்புக்கு மயங்கித்தான் இருபத்து மூணு வருஷத்துக்கு முன்னால் கழுத்தை நீட்டினேன். அதனால் மேற்கொண்டு ஒன்றும் பேச முடியாது.

அன்றைக்கு வளைவில் கோட்டைத் தாண்டியது இவர்தான். எதிரே கேமரன் மலையிலிருந்து காய்கறி லாரி. லாரிக்காரர் ஓரமாக ஒடித்ததால் உயிர் தப்பியது. காறை எலும்பு முறிந்து, விலா எலும்பு முறிந்து, நுரையீரலில் ரத்தம். டாக்டர் என் முகத்தைப் பார்க்காமலேயே, நாளைக்குத்தான் சொல்ல முடியும் என்றார்.

ஆஸ்பத்திரி நடைபாதையில் உட்கார்ந்துகொண்டு பையைத் துழாவினேன். தையல்காரி பையில் வேறு என்ன இருக்கும்? கத்தரிக்கோல், நூல், மஞ்சள் துணித் துண்டு. ஒரு இருபது காசை எடுத்துத் துணியில் வைத்து முடிந்தேன். அம்மா, இவர் எழுந்து நடக்கணும், அந்த பைக் என் வீட்டை விட்டுப் போகணும், இரண்டும் நடந்தால் இந்தக் காசோடு வந்து உனக்குத் தீச்சட்டி எடுக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். அழுகையில் வேண்டியதுதான். ஆனாலும் தெளிவாகத்தான் வேண்டினேன்.

மறுநாள் மத்தியானம் கண் திறந்தார். மூணு மாசத்தில் எழுந்து நடந்தார். வலது தோள் மட்டும் முழுசாகத் தூக்க வராது. ஆடி வந்தது. எல்லாரும் தோட்டத்துக்குக் கிளம்பினார்கள், நான் காசைக் கொடுக்கப் போகவில்லை. பாதிதானே நடந்திருக்கிறது, மீதியும் நடக்கட்டும் என்று இருந்துவிட்டேன். அம்மாவிடமே பேரம் பேசிய ஆள் நான். சிரிக்காதீர்கள்.

மீதி நடக்கவில்லை. உடைந்த பைக்கை அவர் விற்கவில்லை. வேலை முடிந்து வந்து, ஒவ்வொரு பாகமாக வாங்கி மாட்டி, தீபாவளிக்குள் எழுப்பி நிறுத்திவிட்டார். இனி மெதுவாகத்தான் போவேன் என்றார். எத்தனை முறை கேட்ட வசனம். அன்றிலிருந்து அவரோடு பேச்சைக் குறைத்துக்கொண்டேன். சாப்பிடுங்க, கதவைச் சாத்துங்க, அவ்வளவுதான். பேச வாயெடுத்தால் எனக்கு அழுகைதான் வரும், அதை அவருக்குக் காட்ட இஷ்டமில்லை.

தீபாவளி முடிந்த முதல் ஞாயிறு அவர் குளிக்கப் போன நேரத்தில் பூஜை அலமாரியிலிருந்த அந்த மஞ்சள் முடிச்சை எடுத்துக்கொண்டு பைக்கிடம் போனேன். ஆபத்து எங்கே இருக்கிறதோ அங்கேயே அம்மா இருக்கட்டும் என்று நினைத்தேன். வெளியே தெரிந்தால் கழற்றிவிடுவார். பைக்கில் எதையும் கட்டாதே என்று முன்பே சொல்லியிருக்கிறார். முன்சக்கரத்துப் பக்கம், மட்கார்டுக்குப் பின்னால், கறுப்பாக ஒரு ரப்பர் குழாய் இறங்குகிறது. அதில் மெழுகு தடவிய நூலால் ஒன்பது சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டேன். கழுவும்போதும் கண்ணில் படாத இடம். அது என்ன குழாய் என்று எனக்குத் தெரியாது.

பொங்கல் கழிந்து ஒரு நாள் சாப்பிட உட்கார்ந்தவர், மெங்கிளம்புவில் பைக் பட்டறை வைத்திருக்கும் அவர் கூட்டாளி ஆ சோங் கூப்பிடுவதாகச் சொன்னார். ட்ராக் டேயாம். ரோட்டில் ஓட்டுகிற சொந்த பைக்கையே சர்க்கியூட் என்கிற பந்தயத் திடலுக்குக் கொண்டு போய் ஒரு நாள் முழுக்க ஓட்டலாம். பந்தயம் இல்லை, பரிசு இல்லை. மலைரோட்டில் விழுந்தது போதாதென்று இப்போது அதற்கென்றே ஒரு இடமா என்று கத்தினேன். பல மாசத்துக்கு அப்புறம் அவரிடம் நான் பேசிய நீளமான பேச்சு அதுதான். கத்தி முடித்துவிட்டு நானும் வருகிறேன் என்றேன். விழுந்தால் இந்த முறை போன் வரும்வரை காத்திருக்க என்னால் முடியாது. அவர் முகம் மலர்ந்துவிட்டது, ஆசையாக வருகிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

விடியக் கருக்கலில் ஆ சோங் வேனில் பைக்கை ஏற்றிக்கொண்டு தெற்கே போனோம். வழி நெடுக மாரியம்மன் போற்றிதான் வாயில்.

அங்கே போய்ப் பார்த்தால் நான் நினைத்த இடம் இல்லை அது. லாரி இல்லை, குறுக்கே வரும் மாடு இல்லை, எல்லாரும் ஒரே திசையில் போகிறார்கள். ஓரமெல்லாம் விழுந்தால் வழுக்கிப் போக இடம் விட்டிருக்கிறார்கள். ஆம்புலன்ஸ் தயாராக நிற்கிறது. இவர் பைக்கின் பக்கக் கண்ணாடிகளைக் கழற்றினார். விளக்குக் கண்ணாடி உடைந்தால் சிதறக் கூடாதென்று டேப் ஒட்டச் சொன்னார்கள். இவர் ஒட்டியது கோணல்மாணலாக இருந்தது. பிடுங்கி நானே ஒட்டினேன். அப்புறம் வேகம் காட்டும் முள்ளின் மேலும் டேப் ஒட்டினார். எதுக்கு என்று கேட்டேன். அதைப் பார்க்கக் கூடாதாம், ரோட்டை மட்டும் பார்க்கணுமாம்.

உள்ளே விடுவதற்கு முன் ஒவ்வொரு பைக்கையும் சோதனை செய்கிறார்கள். சோதித்தவர் அறுபது வயது மலாய்க்காரர். எல்லாரும் பாக்சிக், மாமா என்று கூப்பிட்டார்கள். சக்கரத்தை ஆட்டினார், சங்கிலியைத் தொட்டார், முன்சக்கரத்தின் அருகே குந்தி உட்கார்ந்து மட்கார்டுக்குப் பின்னால் விரலை விட்டார். விரல் நின்றது.

இது என்ன, யாருடையது என்று மலாயில் கேட்டார்.

குணா குனிந்து பார்த்தார். மஞ்சள் துணியைப் பார்த்தார். என் பக்கம் திரும்பவே இல்லை.

"சாயா பூஞா, பாக்சிக்," என்றார். என்னுடையது.

பாக்சிக் அவிழ்க்கப் பார்த்தார், நான் போட்ட முடிச்சு அவிழவில்லை. கத்தியால் நூலை அறுத்தார். துணியை விலக்கிவிட்டு பிரேக்கை நாலு முறை அழுத்திப் பிடிக்கச் சொன்னார். கறுப்பு ரப்பர் தேய்ந்து உள்ளே வலை தெரிந்தது. அதிலிருந்து ஒரு சொட்டு எண்ணெய் கசிந்து நின்றது. அது முன்பிரேக்கின் குழாய். ஒவ்வொரு முறை பிரேக் பிடிக்கும்போதும் துணிக்குள் இருந்த என் காசின் விளிம்பு அதை அறுத்துக்கொண்டே இருந்திருக்கிறது. இந்தக் குழாயோடு வேகமாகப் போய்ப் பிடித்திருந்தால் வெடித்திருக்கும் என்று பாக்சிக் சொன்னார். ரோட்டில் வெடிக்காமல் இருந்தது கடவுள் செயல் என்றும் அவரே சொன்னார்.

துணியை அவர் குப்பையில் போடவில்லை. மடித்து, வலது கையால் என்னிடம் நீட்டினார். கட்டியது நான்தான் என்று எப்படிக் கண்டுபிடித்தாரோ. "சாமிகிட்ட தோவா கேளுங்க அக்கா, வேண்டிக்கிறது நல்லதுதான். பிரேக்ல கட்டாதீங்க," என்று மலாயில் மெதுவாகச் சொன்னார்.

வேனுக்குப் பின்னால் போய் அழுதேன். மூணு மாசமாக ஞாயிற்றுக்கிழமை தோறும் என் வேண்டுதலைக் கட்டிக்கொண்டுதான் அவர் மலை ஏறி இறங்கியிருக்கிறார். காப்பாற்று என்று கும்பிட்ட அதே கைதான் அதைக் கட்டியது. அம்மா, என்ன காரியம் செய்ய இருந்தேன் என்று கேட்டுக் கேட்டு அழுதேன்.

அவர் குடிக்க ஒரு மைலோ வாங்கிக்கொண்டு வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்.

"ஏன்லா அழுவுற? பாத்தோன தெரிஞ்சிரிச்சி. தையல்காரி முடிச்சி, யாருக்குத் தெரியாது?"

"நானே உங்கள கொன்னிருப்பேனே."

"நீ பயத்துல கட்டுன. அந்தப் பயத்தக் குடுத்தது யாரு? நாந்தான்."

கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன் மேல்தான் தப்பு என்று அவர் சொல்லி நான் கேட்டதில்லை. அப்புறம் அவர் சொன்னார்: "ஆ சோங் கொழா தேடிக்கிட்டிருக்கான். கெடச்சாலும் சரி, கெடைக்காட்டியும் சரி. நீ வேணாம்னு சொல்லு, பைக்க வித்துட்டு வீட்டுக்குப் போயிருவோம். சத்தியமா."

நான் ஒரு வருஷமாக அம்மாவிடம் கேட்டுக்கொண்டிருந்தது அதுதான். வேணாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். வாய் வரை வந்தது. ஆனால் மடியில் அந்த மஞ்சள் துணி, எண்ணெயும் ரப்பர் கறுப்பும் படிந்து கிடந்தது. நான் இழுத்துக் கட்டினால் என்ன ஆகும் என்று அம்மா இப்போதுதான் காட்டியிருக்கிறாள். அவள்தான் அந்தப் பெரியவர் விரலைக் கொண்டு போய் அங்கே வைத்தாள். அதில் எனக்கு இன்றுவரை சந்தேகமே இல்லை. அவரையும் இழுத்துக் கட்ட மனசு வரவில்லை, வேணாம் என்று சொல்லவில்லை.

புதுக் குழாய் கிடைத்தது. பக்கத்துக் கொட்டகையில் அதே மாதிரி பைக் வைத்திருந்தவர் ஒன்று கூடுதலாகக் கொண்டு வந்திருந்தார். ஆ சோங் அதை மாட்டி, உள்ளே இருந்த காற்றை எடுத்து முடித்ததும், பாக்சிக் மறுபடி குந்தி உட்கார்ந்து தடவிப் பார்த்துத் தலையாட்டினார். மத்தியானம் ஆகிவிட்டது. குணா என்னைப் பார்த்தார். கையுறை போட்டிருந்தார், வலது தோள் வேறு தூக்க வராது, ஹெல்மெட் வாரை மாட்ட முடியாமல் தடுமாறினார். நான் போய் மாட்டிவிட்டேன். இரண்டு வளையத்தில் வாரை விட்டு மடக்கி இழுக்கணும். ஒரு விரல் போகிற இடைவெளி இருக்கா என்று தாடைக்குக் கீழே வைத்துப் பார்த்தேன்.

"போயிட்டு வாங்க," என்றேன்.

சுவரோரம் நின்றேன். ஒவ்வொரு சுற்றிலும் என்னைத் தாண்டிப் போனார். முதல் முறையாக நான் அம்மாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளும் என் பக்கத்தில் நின்று வேடிக்கை பார்க்கிறாள் என்று தோன்றியது. நேரம் முடிந்து கொடி காட்டினார்கள். திரும்பி வந்தவர் ஹெல்மெட்டைக் கழற்றியதும் முகமெல்லாம் வியர்வையும் சிரிப்புமாக இருந்தார். அந்தப் பழைய சிரிப்பு. கோபப்பட முடியவில்லை.

மலைக்கு இனிமேல் வேணாம் கமலா, இத்தனை வருஷம் அங்கே எப்படி ஓட்டினேன் என்று நினைத்தால் எனக்கே பயமாயிருக்கு என்று வரும் வழியில் சொன்னார். சொன்னபடி இருக்கிறார். வேலைக்குப் பழைய சின்ன கப்சாய் மோட்டாரில் மெதுவாகப் போய் வருகிறார். பெரிய பைக்கை அன்று வீட்டில் இறக்கவே இல்லை. மெங்கிளம்பு பட்டறையிலேயே ஒரு மூலையில் நிற்கிறது. வருஷத்துக்கு ஒன்றிரண்டு முறை சர்க்கியூட்டுக்கு மட்டும் போகும். பார்த்தீர்களா, வீட்டை விட்டு பைக் போகணும் என்று கேட்டேன், போய்விட்டது. மனுஷன் மட்டும் ஞாயிறு தோறும் அடுப்படியில் நின்று என் வேலையைக் கெடுக்கிறார். இதைவிட வேறென்ன வேண்டும் எனக்கு.

இந்த ஆடியில் தீச்சட்டி எடுத்தேன். அவர் கூடவே நடந்து வந்தார். காசை, கறுத்துப்போன அந்த மஞ்சள் துணியோடே அம்மா காலடியில் வைத்தேன். கழுவிக்கொண்டு வந்திருக்கலாமே என்று பூசாரி கேட்டார். என் புத்தி இப்படித்தான் இருந்தது, அவளும் பார்க்கட்டும் என்றேன்.

அக்கா, தங்கச்சிகளே, உங்கள் வீட்டிலும் யாரோ ஒருவர் ஏதோ ஒரு வண்டியில் தினமும் வெளியே போகிறார்கள். திரும்பி வரும்வரை நீங்களும் ரோட்டையே பார்த்துக்கொண்டிருப்பீர்கள். அம்மாவை நம்புங்கள். நாம் கேட்ட வழியில் வரமாட்டாள், ஆனால் வருவாள், மலாய்க்காரர் விரலிலும் வருவாள். முடிச்சை அவள் சன்னதியில் போடுங்கள். அதையும் மீறிக் கை சும்மா இருக்கவில்லை என்றால், வாசலில் நிறுத்தி, அவர்கள் ஹெல்மெட் வாரை மாட்டிவிடுங்கள். நான் இப்போது அதைத்தான் செய்கிறேன்.