அரசாங்கம் எங்கள் ரயிலை எடுத்தபோது

ரயிலில் டிக்கெட் பார்க்கிறவனிடம் சனங்கள் டிக்கெட்டைத் தவிர மற்ற எல்லாவற்றையும் காட்டுவார்கள்: கோபம், குளிர், பிள்ளையின் பல்வலி. டென்மார்க்கில் ஒரு தனியார் கொம்பனியின் ரயிலில் நான் அந்த வேலை பார்த்தேன். வன்னியில் போர் முடிகிற காலம். இங்கே கொம்பனியும் முடிகிற காலம். அடுத்தவன் பிழைக்குச் சீருடை போட்டுக்கொண்டு பதில் சொன்ன யாருக்கும் மிச்சத்தை நான் விளக்கத் தேவையில்லை.

பிந்திய ரயில்

அந்தக் குளிர்காலத்தில் எஞ்சின்கள் ஒவ்வொன்றாகப் பழுதாகின. சாரதிகளும் ஒவ்வொருவராக விலகினார்கள். நேரத்துக்கு ஒரு ரயில் வந்தால் எங்களுக்கே பயம் பிடிக்கும். ஒருநாள் விபோர்க் நிலையத்தில் நான் ஏறவேண்டிய ரயிலே வரவில்லை. கூட்டத்தில் என் தொப்பி தனியாகத் தெரிந்திருக்க வேண்டும். ஒரு வயதான டேனிஷ் அம்மா கைத்தடியை ஊன்றிக்கொண்டு நேரே என்னிடம் வந்தார். மன்னிப்புக் கேட்கிற வசனத்தை வாயில் தயாராக வைத்திருந்தேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"உன்னை ஏசத்தான் வந்தேன். நீயும் எங்களைப் போலக் குளிருக்குள் நிற்கிறாய். உன்னை ஏசி என்ன பிரயோசனம்?"

தங்கராசா அண்ணை

பிறகு, அரசாங்கம் ரயிலைப் பொறுப்பெடுக்கப் போகிறது என்ற கதை வந்தது. எங்களில் யாரை வைத்திருப்பார்கள், யாரை அனுப்புவார்கள் என்று ஒருவரும் சொல்லவில்லை. எனக்கு ஐம்பது தாண்டியிருந்தது. என் டேனிஷ் மொழியோ பயணிகளிடம் கேட்டுக் கேட்டுப் படித்தது. இந்த வேலை போனால் பிராண்டே என்ற ஊரிலுள்ள தொழிற்சாலைதான். அங்கே போகக் கார் வேண்டும், எனக்கோ ஓட்டத் தெரியாது.

டேனிஷ் பயணிகள், "இனி அரசாங்கம் பார்க்கும், நல்லது" என்று சந்தோஷப்பட்டார்கள். இக்காஸ்ட் நிலையத்தில் ஏறுகிற தங்கராசா அண்ணை சந்தோஷப்படவில்லை. வேலைக்குப் போகிற வழியெல்லாம் காதில் தமிழ் வானொலி வைத்திருப்பார். வன்னியில் அன்றன்று எந்த ஊர் விழுந்தது என்று எனக்குச் சொல்வது அவர்தான். டிக்கெட்டை நீட்டிக்கொண்டு கேட்டார்:

"அங்கையும் அரசாங்கம் வருது, இஞ்சையும் அரசாங்கம் வருது. இனி எங்கையடாப்பா ஓடுறது?"

பை

பொறுப்பெடுக்கிற நாளுக்கு முதல்நாள் மாலை மனைவி என் பையைக் கட்டினாள். கடவுச்சீட்டு, வேலை ஒப்பந்தம், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், ஒரு மாற்றுடுப்பு, இரண்டு பிஸ்கட் பெட்டி. ஊரில் ஷெல் சத்தம் கிட்ட வந்தால் அவள் கட்டுகிற அதே ஒழுங்கு. "இது டென்மார்க்கப்பா, பிஸ்கட் ஏன்?" என்று கேட்டேன். அவள் நிமிரவில்லை.

"ஆமி வரேக்கை பையை மறந்திட்டு ஓடினது ஆர்? எங்கடை கல்யாணப் படம் ஒண்டாவது மிஞ்சினதே? பேசாமல் கொண்டு போங்கோ."

கேக்

காலையில் பணியாளர் அறை மேசையில் கேக் இருந்தது, அதன்மேல் சின்னச் சின்ன டேனிஷ் கொடிகள். என்னோடு வேலை பார்த்த பிர்கிட் சுட்டுக்கொண்டு வந்தது. இந்த நாட்டில் எது வந்தாலும் முதலில் கேக் வெட்டுவார்கள். நான் மேலங்கியைக் கழற்றாமல், தோளில் பையோடு, கதவுக்குக் கிட்ட நின்றேன்.

அரசாங்க அதிகாரி ஒவ்வொருவராகக் கைகுலுக்கிக்கொண்டு வந்தார். என்னிடம் வந்ததும் நான் கையைக் கொடுக்காமல் கடவுச்சீட்டை எடுத்து நீட்டிவிட்டேன். அவர் அதை வாங்கவில்லை. என் பெயரைக் கேட்டார். எல்லோருக்கும் வேலை இருக்கும், ரயில்களின் நிறம் மட்டும்தான் மாறும் என்றார். எனக்கு மூச்சு வந்தது. ஆனால் வன்னியில் எல்லாம் முடிந்தது என்று செய்தி வந்த கிழமை அது. ஒரு கடி கடித்த கேக்கைத் தட்டிலேயே வைத்தேன். பிர்கிட் மிச்சத் துண்டைக் கடதாசியில் சுற்றி என் கையில் வைத்தாள்.

"பையைக் கீழே வை. ஒன்பது மணி ரயிலுக்கு ஆள் இல்லை, நீதான் போகவேண்டும்."

ஒரு அரசாங்கம் வந்தபோது பையை மறந்து ஓடினேன், இன்னொன்று வந்தபோது பையோடு போய்க் கேக்கோடு திரும்பினேன். கட்டியவள் போய்ச் சேர்ந்த பிறகும் அந்தப் பையைக் கதவடியிலிருந்து எடுக்க எனக்கு இன்னும் துணிவு வரவில்லை, பிஸ்கட்டை மட்டும் அவ்வப்போது மாற்றி வைக்கிறேன்.