மகாவின் பெயருக்கு நேரே ஒரு பெருக்கல் குறி

கொச்சி மட்டாஞ்சேரியின் அந்த வார்டில் தேர்தல் வந்துவிட்டால் கட்சிக்காரர்கள் முதலில் தேடி வருவது முத்துவேலைத்தான். அவருக்கு மேடைப் பேச்சு வராது. கோஷம் போட்டால் பாதியில் இருமல் வந்துவிடும். ஆனால் வாக்காளர் பட்டியலைக் கையில் கொடுத்து வீடு வீடாக மூன்று நடை அனுப்பினால், தன் பூத்தில் கட்சிக்கு எத்தனை ஓட்டு விழும் என்று எழுதிக் கொடுத்துவிடுவார். போன தடவை நானூற்றுப் பன்னிரண்டு என்று எழுதினார். எண்ணியபோது நானூற்று ஒன்பது வந்தது. அந்த மூன்று பேர் யார் என்று முத்துவேல் இன்னமும் தேடிக்கொண்டிருக்கிறார் என்று வார்டு கமிட்டியில் ஒரு கேலி உண்டு. அவர் தேடிக்கொண்டிருந்ததும் உண்மைதான்.

பெரிய வித்தை ஒன்றுமில்லை. நமக்குப் போடுகிறவர் பெயருக்கு நேரே டிக். போடாதவருக்குப் பெருக்கல் குறி. பிடி கொடுக்காதவருக்கு வட்டம். ஊரில் இல்லாதவருக்குச் சின்னதாக ஒரு கோடு. கோடு விழுந்தவர்களைப் பற்றி யாரும் கேள்வி கேட்பதில்லை, அவர்கள் எந்தப் பக்கத்துக் கணக்கிலும் இல்லை. பட்டியல் கைக்கு வந்ததும் முத்துவேல் தன் வீட்டைத்தான் முதலில் எடுப்பார். முத்துவேல், மனைவி இசக்கிசெல்வி, மகள் மகா. மூன்று டிக். சாமி படத்துக்குப் பொட்டு வைப்பது மாதிரி, யாரையும் கேட்காமல் போட்டுவிட்டுத் தெருவில் இறங்குவார்.

இந்த டிசம்பரிலும் அப்படித்தான் போட்டார். போட்டதற்கு மறுநாள், பஜார் தெருவில் சுக்கு மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது, எதிர் வரிசைக் கடைகளில் மகா நோட்டீஸ் கொடுத்துக்கொண்டு போவதைப் பார்த்தார். சுயேச்சையாக நிற்கும் மஞ்சுஷாவின் நோட்டீஸ். சின்னம் அலமாரி.

முத்துவேலுக்கு ஐம்பத்தெட்டு வயது. அப்பா திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து மூட்டை தூக்க வந்தவர். முத்துவேல் இங்கேயே பிறந்து, பதினெட்டு வயதில் யூனியன் நீலச் சட்டையைப் போட்டவர். இத்தனை வருடத்தில் அவர் தலையில் ஏறாத சரக்கு அந்தத் தெருவில் இல்லை. மகளுக்கு இருபத்தாறு. சுற்றுலாக்காரர்கள் வரும் மசாலாக் கடை ஒன்றில் வேலை. லீவு கிடைத்தால் வாகமண் மலைக்குப் போய்விடுவாள். அங்கே பாராகிளைடிங் கற்றுக்கொள்கிறாள். பெரிய துணிக்குடை ஒன்றை முதுகுக்குப் பின்னால் விரித்து, சரிவில் ஓடி, காற்றில் காலைத் தூக்கிவிடுவது. ஒரு வருடமாகச் சின்னக் குன்றிலிருந்துதான் பழக்கம். அதற்கே முத்துவேல் அந்த நாட்களில் சாப்பிட மாட்டார்.

இதைப் பற்றி அப்பாவும் மகளும் பேசிய பேச்சு எப்போதும் ஒரே இடத்தில் போய் முட்டும்.

"இருபதடி மூட்டை அட்டியில தலைச்சுமையோட ஏறுவீங்களே, இடுப்புல ஒரு கயிறு உண்டாப்பா? எனக்கு ரெண்டு பெல்ட், ஒரு ஹெல்மெட், ஒரு வயர்லெஸ்."

"அது பணி, மோளே."

"பணின்னா விழ மாட்டீங்களா?"

"நானும் ரிஸ்க் எடுத்தவன்தாம்ட்டி. தொண்ணூத்தாறுல லாரிக்கு முன்னாடி படுத்தேன். நூத்திமுப்பது பேரோட வேலைக்கு வேண்டி. நீ யாருக்கு வேண்டிப் பறக்க?"

"எனக்கு வேண்டி."

இந்தப் பதில்தான் அவருக்கு ஒருநாளும் விளங்கியதில்லை. தனக்காக மட்டும் ஒருத்தி மலையிலிருந்து குதிப்பாளா? அரசியலும் அவளுக்கு அப்படித்தான் என்று நினைத்திருந்தார். கட்சி என்றால் சிரிப்பாள், கூட்டம் என்றால் தலைவலி என்பாள். ஆனால் அன்று ராத்திரிச் சாப்பாட்டில் நோட்டீஸ் விஷயத்தைக் கேட்டபோது அவள் சிரிக்கவில்லை.

"வேலியேற்றத்துல கடல் பொங்கி வீட்டுக்குள்ள உப்புத் தண்ணி வந்துச்சில்ல, அப்ப மஞ்சுஷா சேச்சிகூட முட்டளவு தண்ணியில நின்னு கட்டில் தூக்கினவ நான். உங்க கட்சி ஆளு எப்ப வந்தாரு? தண்ணி வடிஞ்சப்புறம் போட்டோக்காரனோட வந்தாரு. நீங்க மேலேர்ந்து வர்ற பேருக்குப் போடறீங்க. எனக்கு அந்தப் பேரைத் தெரியாது, சேச்சியைத் தெரியும்."

முத்துவேல் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

மறுநாள் ஹரிநாராயணன் வந்தார். வார்டு கமிட்டி கன்வீனர். முத்துவேலைவிடப் பத்து வயது இளையவர், கூட நின்று போஸ்டர் ஒட்டி வளர்ந்தவர்.

"சேட்டா, நம்ம மகா அலமாரிக்கு நோட்டீஸ் கொடுக்கறா, கண்டோ?"

"கண்டு."

"போன தடவை பதினோரு ஓட்டுலதான் ஜெயிச்சோம். சேட்டன் வீட்டுலயே பெருக்கல் குறின்னா கமிட்டியில நான் எப்படி வாயைத் திறக்க?" ஹரி குரலைத் தாழ்த்தினார். "அவ வாகமண்ணுக்குப் போறதா கேட்டேனே. ஓட்டன்னைக்குத்தானே? போகட்டும். ஒரு கோடு போடுங்க. ஒருத்தனும் கேக்க மாட்டான்."

ஹரி சொன்னதில் பாதி உண்மை. பெரிய குன்றிலிருந்து மகா முதன்முறையாகத் தனியாகப் பறக்க வேண்டிய நாளும் ஓட்டுப் போடும் நாளும் ஒன்றாக வந்துவிட்டன. சொல்லிக் கொடுக்கும் சேவியர், கற்பவர்களை முந்தின நாளே மலைக்கு வரச் சொல்லியிருந்தார். காலைக் காற்றில் அனுப்புவது வழக்கம். அதை விட்டால் கிறிஸ்துமஸ் கூட்டம் வந்துவிடும், பிறகு பிப்ரவரிதான். ஆனால் மகா போவதாக இல்லை. "பதினோரு ஓட்டு வித்தியாசம்மா. என்னோட ஒரு ஓட்டு இல்லாம சேச்சி தோத்துட்டா நான் எப்படி அவ மூஞ்சியில முழிக்க?" என்று அடுக்களையில் அம்மாவிடம் சொன்னதை முத்துவேல் வாசலில் இருந்து கேட்டார்.

ஒரு வருடமாக அவர் வேண்டிக்கொண்டது இதைத்தான். மகள் மலைக்குப் போகவில்லை. சந்தோஷம் வர வேண்டும். வரவில்லை. பட்டியல்தான் கண்முன் வந்தது. அவள் இருந்தால் பெருக்கல் குறி. போனால் வெறும் கோடு.

உள்ளே போனார். "மோளே, நீ போயிட்டு வா. ஒரு வருஷமாப் படிச்சதில்லயா. நான் தடுக்கல."

மகா கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள். "அப்பா?"

"போயிட்டு வான்னேன்."

அவள் இரண்டு கையாலும் அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, மூட்டை அழுத்தித் தழும்பேறிய பிடரியில் முகத்தை வைத்துக்கொண்டாள். கல்லூரிக்குப் போன பிறகு அவள் அப்படிச் செய்ததில்லை. "சேச்சிகிட்ட நான் பேசிக்கறேன். அப்பாவே சரின்னுட்டாருன்னா அவ புரிஞ்சுக்குவா," என்றாள். கண் நனைந்திருந்தது. செல்வி மட்டும் மத்தி மீனின் செதிலைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

முத்துவேல் முன்னறைக்கு வந்து பட்டியலை எடுத்தார். மகாவின் டிக்கை அடித்துவிட்டுச் சின்னதாக ஒரு கோடு போட்டார்.

மை காய்வதற்குள் மகா ஒரு காகிதத்தோடு வந்து தரையில் உட்கார்ந்தாள். சேவியரின் பயிற்சிப் படிவம், மலையாளத்தில் பொடி எழுத்தில் அச்சிட்டது, அடியில் கையெழுத்துக்கு ஒரு இடம்.

"இதுல வீட்டாள் ஒருத்தர் ஒப்பு வைக்கணும்ப்பா. இதுவரைக்கும் கூடப் படிக்கிற ரோஜா பேரைத்தான் போட்டிருந்தேன். உங்ககிட்டக் கேக்க முடியாதில்ல. இப்ப அடிச்சிட்டு உங்க பேரை எழுதியிருக்கேன்."

"என்ன போட்டிருக்கு, வாசி."

"விபத்து ஏற்பட்டால் முதலில் தெரிவிக்க வேண்டிய நபர்," என்று வாசித்தாள். "சும்மா, ஒரு சடங்குக்குப்பா. பேடிக்காதீங்க, பயப்பட ஒண்ணுமில்ல."

முத்துவேல் பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தார். கோடு போட்ட அதே பேனா. அதை மூடிக் கீழே வைத்தார்.

"மோளே, ஒரு காரியம் சொல்லட்டா? நீ மலைக்குப் போனா அலமாரிக்கு ஒரு ஓட்டு குறையும். அதுக்குத்தான் போகச் சொன்னேன்."

தெருவில் பிரசார ஆட்டோ ஒன்று கத்திக்கொண்டே போயிற்று. அது போகும்வரை மகா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பறக்கறது உங்களுக்கு இப்பவும் பேடிதானே?"

"பேடிதான். நீ போற நாள்ல எனக்குச் சோறு எறங்குதா?"

"அவ்ளோ பேடி வச்சுக்கிட்டும் போன்னு சொன்னீங்க. ஒரு ஓட்டுக்கு வேண்டி."

அவள் காகிதத்தை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். மலைக்குப் போகவில்லை என்று அம்மாவிடம் சொல்வது முன்னறைக்குக் கேட்டது.

காலையில் அவர் பட்டியலை ஜன்னலோரம் கொண்டுபோய், கோட்டின் மேலேயே பெருக்கல் குறியைப் போட்டார். அவருடைய பட்டியலில் அடித்துத் திருத்திய இடம் அது ஒன்றுதான். செல்வி சாயாவை வைத்துவிட்டு எட்டிப் பார்த்தாள்.

"அவளுக்குக் குறுக்கப் போட்டாச்சு. எனக்கு என்ன போட்டிருக்கு?"

"டிக்கு."

"கேட்டுட்டா போட்டீங்க?"

முத்துவேல் நிமிர்ந்தார்.

"போன தடவை மூணு பேரைக் காணும் காணும்னு தெருவெல்லாம் தேடினீங்களே. வீட்டுக்குள்ள தேடினீங்களா?"

"செல்வி!"

"சாயா ஆறுது," என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். முத்துவேல் வெகுநேரம் யோசித்து, மனைவியின் டிக்கைச் சுற்றி ஒரு வட்டமும் போட்டார்.

பட்டியலை வாங்கிப் பார்த்த ஹரி தலையில் கை வைத்துக்கொண்டார். "சேட்டா, சொந்த வீட்டுல எதிர்க்கட்சியை வளர்த்து வச்சிருக்கீங்களே!"

"நான் வளர்த்தது பொண்ணை. கட்சி அவளா வளர்த்தது."

"ஒரு கோடு போட்டா என்ன குறைஞ்சு போகும்?"

"அவ ஊர்ல இருக்கா, ஹரி. இருக்கறவளை இல்லன்னு எழுத எனக்கு வரல."

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் ஊரில் இருந்தால் மலை போய்விடும். மகா இரண்டு நாளாக முகம் கொடுத்துப் பேசவில்லை. முத்துவேல் செல்வியிடம் போய், "அந்தச் சேவியரோட நம்பர் எப்படிக் கிடைக்கும்?" என்று கேட்டார். செல்வி தன் போனை நீட்டினாள். ஒரு வருடமாக, மகா மலைக்குப் போகிற ஒவ்வொரு தடவையும், பிள்ளை தரையில் இறங்கிவிட்டாளா என்று அவள் சேவியரைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருக்கிறாள்.

சேவியர் மரியாதையாகப் பேசினார். ஓட்டன்றைக்குப் பகல் இரண்டு மணிக்குள் மலைக்கு வந்துவிட்டால் சாயங்காலக் காற்றில் அனுப்பலாம். ஆனால் காற்று அடங்கினால்தான். பலமாக அடித்தால் யார் சொன்னாலும் விட மாட்டேன், பிறகு பிப்ரவரிதான் என்றார்.

முத்துவேல் மகளின் அறைக் கதவுக்கு வெளியே நின்று அதை அப்படியே ஒப்பித்தார். "ஏழு மணிக்கு ஓட்டு. ரெண்டுக்குள்ள போயிரலாம். காத்துக்கு மட்டும் யாரும் கேரண்டி இல்ல."

கதவு திறந்தது. "நீங்களா சேவியர் சாரைக் கூப்பிட்டீங்க?"

"நல்ல மனுசனாத் தெரியுது," என்றார் முத்துவேல்.

ஓட்டன்று காலை ஐந்தே முக்காலுக்கே செல்வி பள்ளிக்கூடத்தில் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக நின்றாள். மகா வந்ததும் தன் இடத்தை அவளுக்குக் கொடுத்துவிட்டு வரிசையின் கடைசிக்கு நடந்தாள். ஏழு பத்துக்கு மகா விரலில் மையோடு வெளியே வந்தாள். தெருமுனையில், கட்சி மேசையில் சீட்டு எழுதிக்கொண்டிருந்த அப்பாவின் முன்னால் அந்தப் படிவத்தை விரித்தாள்.

"இங்க ஒப்பு வைங்க. இப்ப வைக்கலாமில்ல?"

முத்துவேல் தமிழில் கையெழுத்துப் போட்டார். ரோஜா பைக்கை முறுக்கிக்கொண்டு நின்றாள். மகா ஏறி உட்கார்ந்ததும் ஹரி பெருமூச்சு விட்டார். "முதல் ஓட்டே அலமாரிக்கு. நம்ம மேசையிலேர்ந்தே வழியனுப்பறோம்."

பகல் ஒரு மணி வரை முத்துவேல் ஒழுங்காக வேலை பார்த்தார். அதற்கு மேல் அவருடைய கண் தாளில் நிற்கவில்லை. தெருவுக்குக் குறுக்கே கட்டியிருந்த தோரணத்தில் எல்லாக் கட்சிக் கொடிகளும் இருந்தன. முப்பது வருடமாக அவற்றை எண்ணிக்கைக்காக மட்டுமே பார்த்திருக்கிறார். இன்றுதான் அவை எந்தப் பக்கம் பறக்கின்றன, எவ்வளவு விறைப்பாகப் பறக்கின்றன என்று பார்த்தார். இரண்டரைக்கு எல்லாக் கொடியும் பலகை மாதிரி நின்றன. போனை எடுத்தார்.

"மோளே, இங்க மேற்கேந்து நல்ல காத்து. அங்க எப்படி?"

"அப்பா, அங்க வேற காத்து, இங்க வேற காத்து!" மகாவின் சிரிப்போடு காற்றின் இரைச்சலும் கேட்டது. "இங்கயும் கொஞ்சம் கூடுதல்தான். சார் வெயிட் பண்ணச் சொல்றார். வைக்கட்டா?"

"வை."

"சேட்டா, ஓட்டர்ஸ் கீழதான் உண்டு, மேல யாருமில்ல," என்றார் ஹரி. முத்துவேலுக்குக் காதில் விழவில்லை. மூன்றரைக்குக் கொடிகள் துவண்டன. யாருடைய கொடி என்று பாராமல் அத்தனையும் துவண்டதில் அவருக்கு ஒரு நிம்மதி. நாலே காலுக்கு மேசையில் போன் அதிர்ந்தது.

"அப்பா, எறங்கிட்டேன்! எறங்க வேண்டிய எடத்த விட்டுட்டுத் தேயிலைக்குள்ள எறங்கிட்டேன். சார் திட்டறார்."

முத்துவேல் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். "கை, கால்?"

"நாலும் உண்டு. கொஞ்சம் கீறல்."

"மேல இருக்கும்போ பேடி இருந்துச்சா?"

"சரிக்கும், நல்லாவே இருந்துச்சுப்பா. கால் தரைய விட்டதும் உங்களத்தான் கூப்பிட்டேன், சத்தமா. வயர்லெஸ்ல எல்லாருக்கும் கேட்டிருச்சு."

முத்துவேல் துண்டால் முகத்தைத் துடைத்தார். ஹரி எட்டி அவர் கையிலிருந்த போனைப் பிடுங்கினார். "மகா, ஹரி மாமன். எத்தனை அடி உயரம்? ஆ... அவ்வளவா? தலை சுத்தலயா?" சீட்டு வாங்க வந்த இரண்டு பெண்கள் மேசை முன்னால் நின்றார்கள். முத்துவேல் போனுக்காகக் கையை நீட்டினார். ஹரி கொடுப்பதாக இல்லை.