அன்செல்மோ வளர்த்த கரை

பரானா ஆற்றின் கழிமுகத் தீவுகளுக்கு நடுவே கடைப்படகு ஓட்டிப் பிழைக்கிறவன் நான். படகுத்துறையில் வெள்ளைத் துணி கட்டியிருந்தால் நிறுத்துவேன். மாவு, எண்ணெய், தேநீர்போல் ஊறவைத்துக் குடிக்கும் மாத்தே இலை கொடுப்பேன். துணி இல்லாத வீட்டை ஏறெடுத்தும் பார்க்க மாட்டேன். அன்செல்மோ வீட்டில் எப்போதும் துணி பறக்கும். சாமான் வாங்க இல்லை, பீற்றிக்கொள்ள.

மனிதருக்கு ஒரே பைத்தியம், நிலம். வடக்கே மலைகள் கரைந்து செஞ்சேறாக ஆற்றோடு வருகின்றன. கனத்த மணலை வழியிலேயே போட்டுவிட்டு, கடைசியில் களைத்துப்போன ஆறு நைசான வண்டலை எங்கள் தீவுகளின் ஓரத்தில் இறக்கி வைக்கிறது. நாணல் நட்டால் தண்ணீர் தயங்கும், வண்டல் தங்கும், கரை நீளும். இங்கே எல்லோரும் நடுகிறவர்கள்தான். ஆனால் படகுத்துறைக்கு முன்னால் மட்டும் இடம் விடுவார்கள். இவர் அதையும் விடவில்லை. பக்கத்து வீட்டுக் குஸ்மானின் கரை இவருடையதைவிட முன்னால் போய்விட்டதாம். அதனால் இவருக்குத் தூக்கமே வரவில்லையாம்.

"அண்ணே, துறை வாயிலயும் நட்டுட்டீங்களே, நான் எப்படி வர்றது?" என்று கேட்டேன்.

"போய்யா. எவனோ மலைக்காரன் மண்ணு சும்மா வந்து சேருது. வேணாம்னு திருப்பி அனுப்பச் சொல்றியா?"

அவர் மனைவி நெலிடா துறை வாயில் நாணலையே பார்த்துக்கொண்டு நின்றிருந்தார். ஞாயிறுதோறும் என் படகில் ஏறி, டிக்ரே நகரத்தில் இருக்கும் தங்கையைப் பார்த்துவிட்டு வருவதுதான் அந்த அம்மாவுக்கு இருந்த ஒரே ஆறுதல்.

சில வருடங்களில் அன்செல்மோ ஜெயித்துவிட்டார். துறையின் கால்கள் புல்லில் நின்றன. மாடு மேய இடம் கிடைத்தது, மாடுதான் இல்லை. எனக்கும் வீட்டுக்கும் நடுவே சேறு. மாவு மூட்டையைப் பலகையில் வைத்துக் கட்டிக் கொடுப்பேன், அவர் கயிறு போட்டு இழுத்துக்கொள்வார். பெண்டாட்டியை அப்படி இழுத்துவிட முடியுமா? குஸ்மானின் துறை வழியாகப் போகிறேன் என்று அந்த அம்மா கெஞ்சினாராம். மானம் போய்விடும் என்று இவர் மறுத்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமைகளில் நெலிடா ஜன்னலில் நின்று என் படகைப் பார்ப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

போன ஆகஸ்டில் தென்கிழக்குக் காற்று கழிமுகத்துத் தண்ணீரை ஆற்றுக்குள் திருப்பித் தள்ளியது. புது நிலம் முழுக்க மூழ்கியது. வெள்ளைத் துணியைப் பார்த்துத் துறை வரைக்கும் படகை விட்டேன். அன்செல்மோ மாத்தே குவளையை என் கையில் திணித்தார்.

"என் துறைக்குப் படகு வராதுன்னு எவன்யா சொன்னான்?"

அவர் முடிப்பதற்குள் நெலிடா பெட்டியோடு வந்து படகில் உட்கார்ந்துவிட்டார். அன்றைக்குத் துணி கட்டியது அந்த அம்மாதான்.

"உங்களுக்கு நிலம் போதும். எனக்கு என் தங்கச்சி போதும்," என்றார் புருஷனிடம். பிறகு என்னைப் பார்த்து, "தண்ணி வடியறதுக்குள்ள எடுங்க தம்பி."

எடுத்தேன். அன்செல்மோ பதறிப்போய்க் குதித்தார். அவர் வளர்த்த மண் அவரை முழங்கால் வரை பிடித்துக்கொண்டது. காப்பாற்றச் சொல்லி என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்.

"கயிறும் பலகையும் துறையிலதான் கிடக்குன்னு சொல்லுங்க தம்பி," என்றார் நெலிடா, திரும்பிப் பார்க்காமலே.