இரண்டாவது பூச்சு

எங்கள் ஊர் அரண்மனை 'காலத்தால் சிதைந்தது' என்று பலகை வைத்திருக்கிறார்கள். கும்மிடிப்பூண்டி கம்பெனி லாரிகள் நிற்கும் இடத்தில், மிஞ்சிய ஒற்றை வாசல் வளைவுக்குப் பக்கத்தில். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் நின்று அதைப் படிக்கிறேன். காலம் என்ன செய்தது, பாவம்? சிதைத்தவர்களில் ஒருவன் நான். அப்போது ஐந்தாம் வகுப்பு.

ஜமீன் ராஜாவின் வாரிசுகள் தேக்குக் கதவுகளைக் கழற்றிக்கொண்டு மெட்ராஸ் போய்விட்டார்கள். மிச்சம் பள்ளிக்கூடமானது. தர்பார் மண்டபம்தான் எங்கள் வகுப்பு. சுவர் முழுக்க ராஜா ஊர்வலம் போகும் ஓவியம். ராஜாவின் முகம் எங்கள் பந்துக்குக் குறியாகி எப்போதோ உதிர்ந்துவிட்டது. அதில் என் பங்கு கணிசம். கீழே பல்லக்குத் தூக்கும் நான்கு பேர் மட்டும் முழுசாக இருந்தார்கள்.

மேலதிகாரி வருகிறார் என்று தலைமையாசிரியர் ஒருநாள் சுண்ணாம்பு கரைத்து வைத்தார்.

"படிக்கிற எடத்துல ராஜா இன்னாத்துக்கு, ராணி இன்னாத்துக்கு? சொவரு பளிச்சுனு இருக்கணும்."

எங்களில் நன்றாக வெள்ளையடிப்பவனுக்கு ஜாமெட்ரி பாக்ஸ் பரிசு என்றார். பல்லக்கு இருந்த மூலை எனக்கு வந்தது.

பள்ளியில் சத்துணவு சமைத்தது என் அத்தை. கரண்டியும் கையுமாக ஓடி வந்தாள்.

"நைனா, அந்த மூலைய மட்டும் உட்ருடா. முன்னால தூக்கினு போறாரே, நம்ம தாத்தாவுக்குத் தாத்தாடா அவரு. காதப் பாரு."

பார்த்தேன். முறம் போல விடைத்த காது. பள்ளியே என்னைக் கேலி செய்யும் அதே காது.

"சும்மா இரு அத்தே. எனுக்கு பாக்ஸ் வோணும்."

அத்தை தலைமையாசிரியரிடம் போய்க் கும்பிட்டாள்.

"பல்லக்கு தூக்குனவனுக்கெல்லாம் படமா? போய் சாம்பாரப் பாரும்மா" என்று அவர் சிரித்தார். நாங்களும் சிரித்தோம். நான் கொஞ்சம் சத்தமாகவே சிரித்தேன். வகுப்பில் கோமாளி உத்தியோகம் அப்போதே எனக்குத்தான்.

நான் அந்த மூலையில் அடித்த சுண்ணாம்பு காய்வதற்குள் அத்தை முந்தானையை நனைத்துத் துடைக்க ஆரம்பித்தாள். மெல்ல ஒரு காது தெரிந்தது. எனக்குப் பெட்டி போய்விடுமே என்ற பயம்.

"சார், எங்க அத்தை சொவர நாஸ்தி பண்ணுது, பாருங்க சார்" என்று கத்தினேன். அவர் வந்து அவளை அடுப்படிக்கு விரட்டினார்.

தலைமையாசிரியருக்குப் பாராட்டு கிடைத்தது. எனக்குப் பெட்டி, அதில் காம்பஸ் இல்லை. ராஜாவுக்கு மெட்ராஸ் வீடுகளில் வேறு படங்கள் இருந்தன. எங்கள் வீட்டில் அப்பாவுக்கு முந்தைய ஒருவருக்கும் படம் கிடையாது என்பது அப்போது எனக்கு உறைக்கவில்லை.

அத்தை துடைத்த இடத்தில் இரண்டாவது பூச்சு அடித்ததும் நான்தான். காது தெரியாத அளவுக்கு, அழுத்தி.