மடியில் கட்டிய வெல்லம்

போனது நாலு பேர். என் மனைவி. என் அக்கா, புருஷன் செத்தபிறகு எங்களோடு இருந்தவள். மனைவியின் தம்பி, ஆவடி ஸ்டேஷனில் மூட்டை தூக்குகிறவன். நான்.

ஆவடியிலிருந்து திருவள்ளூர் கோயில் குளம் பதின்மூன்று மைல். ஒரே நாளில் அவ்வளவு தூரம் எங்களில் யாரும் நடந்ததில்லை. வயலுக்குப் போவோம், வருவோம். பூந்தமல்லி சந்தைக்கு வண்டி கட்டுவோம். அவ்வளவுதான்.

மனைவிக்கு வயிற்றில் கட்டி. வலது விலாவுக்குக் கீழே. முதலில் நெல்லிக்காய் அளவு இருந்தது. அடுத்த நெல்லறுப்புக்குள் எலுமிச்சை ஆகிவிட்டது. பட்டணத்து ஆஸ்பத்திரியில் அறுக்கவேண்டும் என்றார்கள். அவள் மாட்டேன் என்றாள்.

"தை அமாவாசைக்கு நடந்தே போயி குளத்துல வெல்லம் கரைக்கிறேன். ஒரு மண்டலம் பாக்கறேன். கட்டி கரையலன்னா நீ சொல்ற எடத்துக்கு வரேன். அறுத்துக்கட்டும்."

வெல்லம் கரைகிற மாதிரி நோயும் கரையும் என்று அந்தக் குளத்துக்குப் பேர். மண்டலம் என்றால் நாற்பத்தெட்டு நாள். நான் சரி என்றேன். வேறென்ன சொல்ல.

ரயில் இருந்தது. ஆனால் நடந்து வருவதாக வேண்டிக்கொண்டாள். செருப்பும் கூடாது.

அமாவாசைக்குப் பதினாறு நாள் இருந்தது. காலையில் ஏரிக்கரை மேல் நடக்கப் பழகினோம். முதல் நாள் மதகு வரைக்கும் போய் உட்கார்ந்துவிட்டாள். முகம் வெளுத்திருந்தது. அவள் தம்பிக்கு வாய் சும்மா இருக்காது.

"இன்னாக்கா, நீ ஏரிய சுத்தறியா, ஏரி உன்ன சுத்துதா?"

"மூட்ட தூக்கறவன்தானே நீ? முடியலன்னா என்னியும் ஒரு மூட்டயா நெனச்சிக்கோடா."

"கூலி யாரு குடுப்பா? மாமாவா? அந்தாளு கையில காசு பாத்து நாளாச்சி."

பத்தாம் நாள் ஏரியை முழுசாகச் சுற்றினாள். வீட்டுக்கு வந்து கஞ்சி குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டாள்.

அக்கா மருதாணி அரைத்தாள். உள்ளங்காலில் கனமாக அப்பி, ஆமணக்கு இலை வைத்துக் கட்டினாள். மூன்று தரம் வைத்தால் தோல் தடிக்கும், சூடும் ஏறாது என்றாள். மூன்றாம் தரம் அவிழ்த்தபோது கால் கல்யாணப் பெண் கால் மாதிரி சிவந்திருந்தது.

"மாமா, மேளக்காரன்கிட்ட சொல்லிட்டு வரட்டா?" என்றான் மச்சான். அவள் சிரித்தாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

வெல்லம் வாங்க நான் பூந்தமல்லி போனேன். யுத்த காலம், நல்ல வெல்லம் கிடைப்பது கஷ்டம். மசூதித் தெருவில் மளிகைக் கடை பாய் ஒருத்தர் எடுத்துப் போட்டார். நான் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தேன்.

"இன்னாப்பா, பொண்ணு பாக்கறா மாதிரி பாக்கற?"

எதற்கென்று சொன்னேன். அவர் அதை எல்லாம் கூடையில் திரும்பப் போட்டுவிட்டு உள்ளே போனார். கல் மாதிரி ஒரு கட்டி கொண்டுவந்தார். மூடி போட்ட சின்னப் பனையோலைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தார்.

"பனி காலம். ஈரம் பட்டா கசிஞ்சிடும். குளத்தாண்ட போறவரிக்கும் பொட்டியிலியே கெடக்கட்டும். தொறக்காத."

தலையாட்டிவிட்டு வந்தேன்.

முந்தின நாள் சாயங்காலம் எல்லாம் எடுத்து வைத்தோம். மந்தாரை இலையில் புளிச்சோறு. சுரைக்குடுக்கையில் தண்ணீர். அவளுக்கு மாற்றுப் புடவை ஒன்று. மச்சான் ஒரு மூங்கில் கழி வெட்டிக்கொண்டு வந்தான். அக்கா முறை சொன்னாள். விடிவதற்கு முன் தலைமுழுகவேண்டும். ஈரப்புடவையோடு கிளம்பவேண்டும். வெல்லத்தை அவள் உடம்பைச் சுற்றி ஏழு தரம் சுற்றவேண்டும். பிறகு அது அவள் மடியைவிட்டு இறங்கக்கூடாது.

"பொட்டியோட மடியில கட்டிக்கினா இன்னாக்கா?" என்று மச்சான் என் அக்காவைக் கேட்டான்.

"பொட்டிக்கா நோவு? ஒடம்புல படணும்டா. அதானே நோவ வாங்கிக்கும்?"

பாய் சொன்னது எனக்கு ஞாபகம் இருந்தது. சொல்லவில்லை. சாமி காரியத்தில் அக்கா பேசினால் குறுக்கே பேசி எனக்குப் பழக்கமில்லை. கல் மாதிரி இருக்கிறதே, தாங்கும் என்று நினைத்தேன்.

காலையில் அவள் நனைந்த புடவையோடு நடுங்கிக்கொண்டு நின்றாள். குனிய முடியவில்லை. மடியில் வெல்லத்தை வைத்து நான்தான் முடிச்சுப் போட்டேன். இரண்டு முடிச்சு. ஓலைப்பெட்டி வீட்டில் இருந்தது.

தண்டவாளத்தின் ஓரமாகவே நடந்தோம். பனி அன்றைக்கு லேசில் விலகவில்லை. திருநின்றவூரில் நாங்கள் மூன்று பேரும் சாப்பிட்டோம். அவள் குளம் பார்க்கிறவரை விரதம். கழியை ஊன்றி நன்றாகத்தான் நடந்தாள். மருதாணிக்காலில் சரளைக்கல் குத்தியதாகச் சொல்லவில்லை.

செவ்வாப்பேட்டை தாண்டி ஒரு புளியமரத்தடியில் உட்கார்ந்தாள். மடியில் ஈ மொய்த்தது. கையால் தடவிப் பார்த்தாள். இன்னொரு தரம் தடவினாள். பிறகு முடிச்சை அவிழ்த்தாள்.

சுண்டைக்காய் அளவு கூட இல்லை. புடவை பிசுபிசு என்று முழங்கால் வரை பழுப்பாக இறங்கியிருந்தது.



"நல்லதுதான்க்கா. அங்க போற வரிக்கும் காத்துகினு இருக்காம இங்கியே கரஞ்சிடுச்சி. நோவுக்கு அம்மாம் அவசரம்," என்றான் மச்சான்.

"எங்க கரஞ்சா இன்னா, கரஞ்சதே," என்றாள் அக்கா.

"வழிக்கு இன்னா நோவு கீது, அண்ணி?" என்றாள் என் மனைவி.

பாய் சொன்னதை அப்போது சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். எழுந்து நடந்தாள்.

குளத்தில் நல்ல கூட்டம். மச்சான் ஓடிப்போய்க் கடையில் வெல்லம் வாங்கிவந்து நீட்டினான். அவள் வாங்கவில்லை.

"இது யார சுத்துனது? என்னிய இல்லியே."

படியிறங்கி இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். மடியை நனைத்துக் கசக்கினாள். அந்தக் கறை போகிறவரை கசக்கினாள். பிறகு மேலே வந்து புடவை மாற்றிக்கொண்டு புளிச்சோறு இரண்டு வாய் சாப்பிட்டாள்.

ரயிலில் திரும்பினோம்.

மறுநாள் காலையில் அடுப்புக்கரியால் சுவரில் ஒரு கோடு போட்டாள். ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்றேன்.

"மண்டலம் முடியட்டும். சொன்னது சொன்னதுதான்."

நம்பிக்கையாகச் சொன்னாளா, என்மேல் கோபத்தில் சொன்னாளா, தெரியவில்லை. நான் கேட்கவில்லை. தினம் காலையில் கோடு போட்டாள். கரித்துண்டை, கடை பாய் கொடுத்த ஓலைப்பெட்டியில் போட்டு மூடிவைத்தாள். எழுந்திருக்க முடியாதபோது படுத்தபடியே கைக்கு எட்டின இடத்தில் போட்டாள். கோடுகள் கீழே இறங்கிக்கொண்டே வந்தன. வாரத்துக்கு ஒரு தரம் ஆஸ்பத்திரி என்பேன். மாட்டேன் என்று தலையை ஆட்டுவாள்.

அவளுக்குக் காரியம் முடிந்து வீட்டுக்குச் சுண்ணாம்பு அடிக்க மச்சான் வந்தான். மட்டையை நனைத்து அந்தச் சுவரிடம் போனான். கொஞ்சம் இருடா என்றேன்.

கீழே உட்கார்ந்து எண்ணினேன். முப்பத்தொன்று.