தேன் வாங்காத வீடு

எங்கள் வீட்டில் தேன் வாங்குவதில்லை. நபிவழி மருந்து என்று ஊரே அலுமாரியில் போத்தல் போத்தலாக அடுக்கி வைத்திருக்க, எங்கள் வீட்டில் ஒரு துளி கிடையாது. மக்காவுக்குப் போய்வந்தவர்கள் பேரீச்சம்பழத்தோடு தேனும் தந்தால், உம்மா பழத்தை வைத்துக்கொண்டு தேனை அடுத்த வீட்டுக்குக் கொடுத்துவிடுவார். சின்ன வயதில் இருமி இருமி நெஞ்சு நொந்தபோதும் எனக்குக் கொத்தமல்லி அவித்துத்தான் தந்தார். ஏன் என்று கேட்டால் கோபம் வரும். உம்மாவின் கோபம் சும்மா கோபமல்ல, இரண்டு நாளுக்கு வீட்டில் கதை இருக்காது. அந்தக் குணம் அச்சொட்டாக எனக்கும் வந்திருக்கிறது. ஆகவே கேட்பதை விட்டுவிட்டேன்.

இன்னொன்றும் உண்டு. கேற்றில் யாராவது கூப்பிட்டால் உம்மா எழுந்து உள்ளறைக்குப் போய்விடுவார். மீன்காரனோ தபால்காரனோ, யாராக இருந்தாலும் சரி. வந்தவர் போகும்வரை உள்ளேயே நிற்பார். நடக்கத் தொடங்கிய நாளிலிருந்து எங்கள் வீட்டுக் கேற்றைத் திறப்பவள் நான்தான். பெரிய மனுசி வெட்கப்படுகிறார் என்று ஊர் சொன்னது. நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரணம் தெரியவந்தது என் மகளின் கலியாணப் பேச்சில்.

எங்கள் கிழக்கிலங்கைக் கரையில் பெண் கேட்டு வருபவர்கள் முதலில் கேட்பது குடியைத்தான். குடி உம்மாவழியில் வருவது. உம்மாவின் உம்மா எந்தக் குடியோ அதுதான் நமக்கும். ஒவ்வொரு குடிக்கும் பள்ளிவாசலில் ஒரு மரைக்கார் இருப்பார்; எல்லாக் குடியின் பெயர்க் கொப்பியும் தலைமை மரைக்காரிடம் இருக்கும். மாப்பிள்ளையும் பெண்ணும் ஒரே குடியென்றால் காக்கா தங்கச்சி என்ற சகோதர முறை, கட்டக்கூடாது. இந்தக் காலத்தில் யார் இதையெல்லாம் பார்க்கிறார்கள் என்று இளசுகள் சிரிக்கும். மாப்பிள்ளையின் உம்மா பார்க்கிறவராக இருந்தால் அந்தச் சிரிப்பு தானாக அடங்கும்.

மகள் கல்முனையில் கூட வேலை செய்யும் பொடியனை விரும்பினாள். நல்ல பொடியன், எனக்கும் பிடித்திருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை அசர் தொழுகைக்குப் பிறகு அவனுடைய உம்மா வட்டிலப்பத்தோடு வந்தார். தேத்தண்ணி குடித்துக்கொண்டே, "உங்கட குடி என்ன ராத்தா?" என்று கேட்டார். சொன்னேன். அந்தப் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

கோப்பையைக் கீழே வைத்தார். "யா அல்லாஹ்! அது எங்கட குடிதானே. இவன் அவளுக்குக் காக்கா முறையாகிட்டானே!"

மகள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். இரண்டு நாள் ஒழுங்காகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் காலையில் வெளியே வந்து, "வேற கலியாணம் எனக்கு வாணாம் உம்மா. என்ன இப்பிடியே உட்டுருங்க" என்றாள். நான் அந்த மனிசியையும் குடியையும் மரைக்காரையும் ஒரு சேர ஏசித் தீர்த்தேன். மகள் வேலைக்குப் போனாள்.

குசினியில் முருங்கை இலை உருவிக்கொண்டிருந்த உம்மா தலையைத் தூக்காமல் சொன்னார்.

"அது நம்மட குடி இல்ல புள்ள."

உம்மா பிறந்தது இங்கினியாகலைப் பக்கத்துக் காட்டில். வேடர் வீட்டுப் பிள்ளை. தகப்பனை ஒரு தடவைகூட வாப்பா என்று சொல்லவில்லை. "என்னப் பெத்த மனிசன்" என்றுதான் சொன்னார். வெள்ளைக்காரன் காலத்தில் அந்தக் காடு அரசாங்கக் காடாகிவிட்டதாம். அதுவரை தேன் எடுத்து, மான் பிடித்துப் பிழைத்தவன், அதன்பிறகு கள்ளன். வெள்ளைக்காரன் போன பிறகு பெரிய அணை வந்தது. மரமெல்லாம் விழுந்தது, தண்ணீர் ஏறியது, எங்கெங்கோ இருந்து ஆட்களைக் கொண்டுவந்து கொலனி போட்டார்கள். நீங்களும் வந்து வயல் செய்யுங்கள், இல்லையென்றால் போங்கள் என்றார்களாம். ஏர் பிடித்தறியாத மனிதர்கள் எங்கே போவார்கள்?

உப்பும் துணியும் கொடுத்துத் தேன் வாங்க எங்கள் ஊரிலிருந்து மாட்டுவண்டியில் போய்வந்த வியாபாரி ஒருவர் இருந்தார். அவரிடம் பிள்ளையை ஒப்படைத்து, தண்ணீர் வடிந்ததும் வந்து கூட்டிப்போகிறேன் என்றாராம் பெற்ற மனிதர். அணை கட்டித் தேக்கிய தண்ணீர் வடியுமா?

வியாபாரியின் மனைவிக்குப் பெண் பிள்ளை இல்லை. குளிப்பாட்டி, முக்காடு போட்டு, கலிமாவும் புதுப் பெயரும் தன்னுடைய குடியும் சொல்லிக்கொடுத்தார். ஊருக்குத் தூரத்துத் தங்கச்சியின் பிள்ளை; யார் கேட்டாலும் இதைத்தான் சொல்ல வேண்டும்.

"வாயில வராது. ஒரு நாளைக்குப் பத்துத்தரம் சொல்லவெப்பா."

"அடிச்சாங்களா உம்மா?"

"சேச்சே, ஒருநாளும் அடிக்கல்ல. நான் பிழையாச் சொன்னா அவ அழுவா. அவ அழுறதப் பாக்கேலாமத்தான் சுருக்கா, கெதியாப் படிச்சன்."

முருங்கைக் காம்பு கையில் அப்படியே இருந்தது. மிச்சத்தையும் சொன்னார். இரண்டு வருடத்துக்குப் பிறகு பெற்ற மனிதர் வந்திருக்கிறார். கையில் சுரைக்குடுவை நிறையத் தேன். வேலிக் கடப்படியில் நின்று பழைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். முற்றத்தில் விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள், "ஆரு கா அது? ஆரக் கூப்பிடுறான்?" என்று கேட்டார்கள்.

"தெரியா எண்டு சொன்னன்" என்றார் உம்மா. "அவர் என்னப் பாத்து அவங்கட பாசையில வாறியா எண்டு கேட்டார். வெளங்கிச்சு புள்ள. எல்லாம் வெளங்கிச்சு. வெளங்காதவள் மாதிரி நிண்டன். குடுவையக் கடப்படில வெச்சிட்டுப் போயிட்டார்."

"அந்தப் பாசையில எப்பிடிக் கேட்டார்? சொல்லுங்க உம்மா."

உம்மா தலையை ஆட்டினார். மறந்துவிட்டதா, சொல்ல மனமில்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்தத் தேனை வளர்த்த வீட்டார் நன்றாக இருக்கிறதென்று நக்கிச் சாப்பிட்டார்களாம். உம்மாவுக்கும் ஒரு கரண்டி கொடுத்தார்களாம்.

நான் குசினி நிலத்தில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதேன். அழுது முடிய எனக்குப் பிடித்தது பிசாசு. இப்போதே தலைமை மரைக்காரிடம் போகிறேன், என் உம்மா வேடப் பெண் என்று சொல்லப்போகிறேன் என்றேன். உம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உன்ட புள்ளைய வேடத்தி எண்டு சொல்லுவாங்க."

"சொல்லட்டும்! எனக்கொரு வெக்கமும் இல்ல."

"உனக்கில்ல. எனக்கிரிக்கி. நான் மவுத்தாகின பொறகு சொல்லு மகள்."

"அதுவரைக்கும் உங்கட பேத்தி காத்திருப்பாளா?"

உம்மா, வேலைக்குப் போன மகளின் அறைக் கதவைப் பார்த்தார். பிறகு எழும்பி, கொடியில் கிடந்த அபாயாவை எடுத்துப் போட்டுக்கொண்டு, "நானும் வாறன்" என்றார்.

வேறு குடிக்காரரான தலைமை மரைக்கார் நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. ஒரு சொல் கேவலமாகப் பேசியிருந்தால் அவரை உண்டு இல்லை என்று ஆக்கியிருப்பேன். உம்மா தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். எங்களுக்குத் தேத்தண்ணி கொடுக்கச் சொன்னார். கொப்பியைப் பிரித்து, எங்கள் பெயர்கள் இருந்த இடத்தில் விரலை வைத்தார்.

"இந்தக் குடியால வெட்டிட்டா முறைப் பிரச்சின முடிஞ்சிது. மாப்பிள வீட்டோட நான் கதைக்கிறன். ஆனா வேற எதுலயாச்சும் போடணுமே, வெறுமையா உடேலா. வேடர் எண்டு ஒரு குடி நம்மட பள்ளில இல்ல, ராத்தா. என்ட குடியில போடுறன். நாளைக்குப் பொறக்கிற புள்ளைக்கும் ஒரு இடம் வேணுந்தானே?"

வெறுமையாக விடுங்கள், இல்லையென்றால் வேடர் என்றே எழுதுங்கள், ஒரு குடி புதிதாக ஆரம்பிக்கட்டும் என்று சொல்ல வாயெடுத்தேன். வழி முழுக்க மனதில் சொல்லிச் சொல்லிப் பார்த்த வார்த்தைகள்தான். உம்மா என்னைப் பார்க்கவில்லை. மகளின் வீங்கிய கண்கள் நினைவுக்கு வந்தன.

"ஓம்" என்றேன். "போடுங்க."

அவர் பழையதன் மேல் ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் புதியதை எழுதினார். அடுத்த மாதம் கலியாணம் நடந்தது. இன்றுவரை மகள் சந்தோசமாக இருக்கிறாள். நான் செய்தது பிழை என்று அவளிடம் எப்படிச் சொல்வேன்?

அன்று திரும்பிவரும்போது ஆட்டோவில் உம்மா என் பக்கம் சாய்ந்து, "அந்தக் குடிக்கு என்ன பேர் சொன்னாரு?" என்று கேட்டார். சொன்னேன். உதடுகளை மெதுவாக அசைத்துச் சொல்லிப் பார்த்தார். சந்தியைத் தாண்டும்போது மறுபடி கேட்டார், மறுபடி சொல்லிப் பார்த்தார். எண்பது வயது நாக்கு நடுவில் இடறியது. திரும்பி என் முகத்தைப் பார்த்தார்.

"அழாத புள்ள" என்றார். "கெதியாப் படிச்சிருவன்."