ரூம் இல்லை என்று சொல்லத் தெரியாதவர்

என் அக்காவின் கணவர், அதாவது என் அத்தான், கடற்கரைச் சாலையில் பன்னிரண்டு அறை லாட்ஜ் நடத்துகிறவர். தங்கமான மனிதர். ஒரே ஒரு குறை, 'ரூம் இல்லை' என்ற இரண்டு சொற்கள் அவர் வாயில் வராது. லாட்ஜ் நிரம்பி வழிந்த காலத்திலும் வாசலில் ஆள் நின்றால் "வாங்க வாங்க" என்று பெட்டியை வாங்கிவிடுவார். எங்கே படுக்க வைப்பது என்று அதற்குப் பிறகுதான் யோசிப்பார். ஒரு முறை புதுமணத் தம்பதிக்குத் தன் படுக்கையறையையே கொடுத்துவிட்டு, அக்காவோடு மொட்டைமாடியில் துணிக்கொடிக்குக் கீழே படுத்தார். அக்கா இன்றும் அதைச் சொல்லிக் காட்டுவாள்.

பிறகு நாட்டில் கலகம் வந்தது. விமானங்கள் காலியாக வந்தன, அப்புறம் அவையும் வரவில்லை. லாட்ஜில் ஈ காக்கா கிடையாது. உடனே சொந்தக்காரர்களுக்கு மூக்கில் வியர்த்தது. வீட்டுக்கு வெள்ளையடிக்கிறார்கள் என்று இரண்டு நாளுக்கு வந்தாள் சித்தி. கூரை ஒழுகுகிறது என்று பெரியப்பா தன் பிள்ளைகுட்டிகளோடு வந்தார். வேலை போன நான் வந்தேன். கடலைப் பார்த்த மூலை அறை எனக்குக் கிடைத்தது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பன்னிரண்டு அறையும் நிறைந்தன. விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். நாங்கள் மூன்று வருடம் இருந்தோம்.

சித்தி குளியல் தொட்டியில் வெங்காயம் கொட்டி வைத்தாள். பெரியப்பா 'தொந்தரவு செய்யாதீர்கள்' அட்டையைக் கதவிலிருந்து எடுத்ததே இல்லை. அத்தானோ தினமும் காலையில் எங்களுக்கு விரிப்பு மாற்றி, தலையணையைத் தட்டி வைத்துவிட்டுப் போவார். முகம் சுளித்து ஒரு வார்த்தை கிடையாது.

கலகம் அடங்கியது. டிவியில் அமைச்சர், மேலே ஏறும் அம்புக்குறி ஒன்றைக் காட்டி, இனி சுற்றுலாதான் நாட்டின் எதிர்காலம் என்றார். அந்த அம்பு எங்கள் தெருவுக்கு வரவில்லை. லாட்ஜை விற்றுவிட்டு யாரிடமாவது கைகட்டி வேலை பார்க்க வேண்டியதுதான் என்று அத்தான் முடிவு செய்திருந்த நேரத்தில், ஒரு பயண கம்பெனியிலிருந்து போன் வந்தது. அவர்களுடைய மேலாளர் அம்மா நேரில் வந்து பார்ப்பாராம். பிடித்துவிட்டால் வாரா வாரம் ஒரு பஸ் நிறைய ஆட்கள். லாட்ஜ் பிழைத்துக்கொள்ளும்.

யோசனை சொன்னவன் நான்தான். கூட்டமில்லாத கடைக்குள் யார் நுழைவார்கள்? ஆகவே நாங்களே டூரிஸ்டாக இருப்பது என்று முடிவாயிற்று. அறையைக் காலி செய்யலாம் என்ற யோசனை மட்டும் எங்களில் ஒருவருக்கும் வரவில்லை.

மேலாளர் அம்மா வந்தபோது பெரியப்பா அரை டிராயரும் தொப்பியுமாக மாடிப்படியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார். சித்தி கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு, கண் தெரியாமல் தூணோடு மோதி, தூணிடமே மன்னிப்புக் கேட்டாள். அந்த அம்மா ஒவ்வொரு அறையாகப் பார்த்தார். வெங்காயத்தை முந்தின நாளே அப்புறப்படுத்தியிருந்தோம். கடைசியில் வரவேற்பு மேஜைக்கு வந்தார்.

"எல்லாம் சுத்தமா இருக்குங்க. ஆனா ஒரு ரூம்கூட காலியில்ல போலிருக்கே. எங்களுக்கு மொத்தமா வேணும். இல்லன்னா இல்லன்னு சொல்லிடுங்க, எதிர் லாட்ஜ்ல பேசிக்கிறேன்."

பிள்ளையார் பிடிக்கக் குரங்கான கதை. அத்தான் வாயைத் திறந்தார், மூடினார். இல்லை என்று சொல்ல வரவில்லை. இருக்கிறது என்று சொன்னால் எங்களை வெளியே போகச் சொன்னதாகும். அதுவும் வரவில்லை.

சித்திதான் கண்ணாடியைக் கழற்றினாள். "நாங்க இன்னைக்கே கிளம்பறோம்" என்றாள். பெரியப்பா தானும் என்றார். மாடியிலிருந்து ஆளாளுக்குத் தாங்களும் கிளம்புவதாகக் குரல் கொடுத்தார்கள். அந்த அம்மாவின் முகம் மாறியது. இத்தனை பேரும் ஒரே நாளில் ஓடுகிறார்களே, சாப்பாட்டில் ஏதாவது கோளாறா என்று கேட்டார்.

அத்தான் தலைகுனிந்தார். "இவங்க டூரிஸ்ட் இல்லம்மா. எல்லாரும் என் சொந்தக்காரங்க. ஆள் வராத காலத்துல, ரூமெல்லாம் பூட்டியே கிடந்து பாழாயிடாம பாத்துக்கிட்டவங்க."

மூன்று வருடம் உட்கார்ந்து தின்றவனுக்கு இப்படி ஒரு பட்டமா? அழுகை வந்துவிடும் போலிருந்தது. அந்த அம்மாவோ சிரித்துவிட்டார். சொந்தக்காரர்களையே இப்படி வைத்திருக்கிறவர் காசு கொடுப்பவர்களைக் கைவிட மாட்டார் என்று சொல்லி, அங்கேயே பேசி முடித்தார். அன்று மாலையே நாங்கள் மூட்டை கட்டினோம். அத்தான் ஒவ்வொரு மூட்டையையும் தானே தூக்கி வந்து ஆட்டோவில் வைத்தார்.

அடுத்த சீசனில், எனக்கு வேலை கிடைத்த செய்தியைச் சொல்லப் பெட்டியோடு போனேன். வாசலில் இரண்டு பஸ் நின்றன. அத்தான் வழக்கம்போல "வாங்க வாங்க" என்று பெட்டியை வாங்கிக்கொண்டு, பழக்கதோஷத்தில் சாவிப் பலகையைத் திரும்பிப் பார்த்தார். ஒரு கொக்கியிலும் சாவி இல்லை. மொட்டைமாடி என்று ஆரம்பித்தார். அங்கேயும் பஸ் டிரைவர்கள் படுத்திருப்பதாக உள்ளேயிருந்து அக்கா சொன்னாள்.

அத்தான் பெட்டியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். அவர் கண் கலங்கியிருந்தது, வாயோ காது வரைக்கும் போயிருந்தது.

"ரூம் இல்ல மச்சான்" என்றார்.

இவ்வளவு சந்தோஷமாக யாரும் என்னை விரட்டியதில்லை. இன்னொரு முறை சொல்லச் சொன்னேன். சொன்னார்.